சர்க்கரையும் வேண்டாம், செயற்கை இனிப்பும் வேண்டாம் என்றால் இனிப்புக்கு எங்கே போவது?

சர்க்கரையை நிறுத்தி 2 மாதம் ஆகிறது, செயற்கை இனிப்பூட்டிகளை வீட்டுக்குள் விட மனமில்லை, அதனால் காபிக்குத் தேன், ஓட்ஸ் கஞ்சிக்குப் பேரீச்சை விழுது, பிள்ளைகளுக்கான கேக்குக்கு வெல்லம் என்று மாற்றிக்கொண்டேன், இது சரிதானா, இதைவிட நல்ல மாற்று உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். சர்க்கரை டப்பா இருந்த இடத்தில் எந்த டப்பாவை வைப்பது என்றுதான் கேள்வி வெளியே கேட்கிறது. உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. உடம்புக்குள் போகும் சர்க்கரை குறைய வேண்டும், நாக்கும் வாடக்கூடாது, இரண்டும் சேர்ந்து நடக்குமா? பெருமளவுக்கு நடக்கும். டப்பாவை மாற்றுவதால் மட்டும் நடக்காது. உணவியல் படித்துவிட்டு 21 ஆண்டுகளாக நோயாளிகளுக்கான உணவைத் திட்டமிட்டு, அதைச் சமையற்கூடத்தில் நின்று சமைக்க வைப்பதுதான் என் வேலை. அந்த அனுபவத்தில் உறுதியாகத் தெரிந்ததையும், இன்னும் முடிவாகாததையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் மனம் நோகக்கூடிய செய்தியைச் சொல்லிவிடுகிறேன். தேன், வெல்லம், கருப்பட்டி, மேப்பிள் பாகு, கற்றாழை போன்ற அகவே செடியிலிருந்து எடுக்கும் அகவே பாகு, தேங்காய்ப்பூச் சர்க்கரை, பேரீச்சைப் பாகு எல்லாமே சர்க்கரைதான். பேச்சுக்காகச் சொல்லவில்லை, கணக்கே அப்படித்தான் இருக்கிறது. 100 கிராம் தேனில் ஏறக்குறைய 82 கிராம் சர்க்கரை, 17 கிராம் தண்ணீர். மிச்சமிருக்கும் ஒரு கிராமுக்குள்தான் நாம் தேனைப் பற்றிப் பெருமையாகப் பேசும் எல்லாமும் அடக்கம். தேன் கனமானது என்பதால் ஒரு தேக்கரண்டித் தேன் 7 கிராம் வரை நிற்கும். அதில் 6 கிராமுக்குச் சற்றுக் குறைவான சர்க்கரை இருக்கும். தட்டையாக எடுத்த ஒரு தேக்கரண்டி வெள்ளைச் சர்க்கரையோ 4 கிராம்தான். ஆக, கரண்டிக்குக் கரண்டி மாற்றியிருந்தால் இந்த 2 மாதமும் நீங்கள் காபியில் சர்க்கரையைக் கூட்டியிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றிலுள்ள சர்க்கரையை, நாம் அள்ளிப் போடும் சர்க்கரையோடு ஒரே கணக்கில்தான் சேர்க்கிறது. அந்தக் கணக்கு நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, 5 விழுக்காட்டுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 10 விழுக்காடு என்றால் 50 கிராம், 5 விழுக்காடு என்றால் 25 கிராம்.

வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அந்த இரும்பு உடம்புக்கு உருப்படியாகச் சேர வேண்டுமானால் எவ்வளவு வெல்லம் தின்ன வேண்டும் என்று பார்த்தால், இரும்பு வேண்டியவர் வேறு உணவைத் தேடுவதே நல்லது. வெல்லத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதன் மணமும் ஆழமும் வெள்ளைச் சர்க்கரைக்கு வராது, அந்த மணத்துக்காகக் கொஞ்சம் சேர்ப்பது நியாயமான காரணம். உடம்புக்கு நல்லது என்று தாராளமாகப் போடுவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். அகவே பாகு வேறு விதத்தில் ஏமாற்றும். அதில் பெரும்பகுதி ஃப்ரக்டோஸ் எனும் பழச்சர்க்கரை என்பதால் ரத்தச் சர்க்கரை உடனே ஏறுவதில்லை. அதைச் சாதகமாகக் காட்டி விற்பார்கள். ஃப்ரக்டோஸைப் பெரும்பாலும் கல்லீரல்தான் கையாள்கிறது. அளவுக்கு மீறினால் அங்கே கொழுப்பாக மாறும். ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று காட்டும் கிளைசிமிக் குறியீடு குறைவு என்பதை வைத்து மட்டும் எந்த இனிப்பையும் நல்லது என்று முடிவுசெய்ய முடியாது.

பேரீச்சையில் எனக்கே பாடம் கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை சேர்க்காத இனிப்பு என்று சொல்லி, பேரீச்சையும் உலர் திராட்சையும் அரைத்து உருண்டை பிடித்துக் கொடுத்தேன். எல்லோரும் விரும்பிச் சாப்பிட்டார்கள். மூத்த உணவியலாளர் ஒருவர் என்னை அழைத்து, உருண்டை ஒன்றைத் தராசில் வைத்துக் கணக்கு எழுதச் சொன்னார். 40 கிராம் உருண்டையில் 25 கிராமை ஒட்டிய சர்க்கரை. மேலே சொன்ன 25 கிராம் அளவு ஒரே வாயில் முடிந்துவிட்டது. பெரிய ரகப் பேரீச்சை ஒன்று, கொட்டை நீக்கி 24 கிராம் இருக்கும். அதில் 16 கிராம் சர்க்கரை, அதாவது 4 தேக்கரண்டி. அன்றிலிருந்து எந்த உணவுக்கும் "சர்க்கரை சேர்க்காதது" என்று எழுதும் முன் எடை போட்டுப் பார்க்காமல் விடுவதில்லை.

அப்படியானால் பழமும் கூடாதா என்று கேட்காதீர்கள், இங்கேதான் நுட்பம் இருக்கிறது. முழுப் பழத்தில் சர்க்கரை செல்களுக்குள்ளே, நார்ச்சத்தின் காவலில் இருக்கிறது. மென்று தின்ன நேரமாகும், வயிறு நிறைந்த உணர்வு வரும். 1977இல் வெளியான பழைய ஆய்வு ஒன்றில் ஒரே அளவு ஆப்பிளை முழுதாக, மசித்து, சாறாக என்று மூன்று வகையில் கொடுத்துப் பார்த்தார்கள். சாற்றை முழு ஆப்பிளைவிட 11 மடங்கு வேகமாகக் குடித்து முடித்தார்கள். பசி அடங்கியது முழு ஆப்பிளில்தான் அதிகம், சாற்றில்தான் குறைவு, மசித்தது நடுவே நின்றது. ஆகவே பழத்தை மாவாக அரைக்கும் ஒவ்வொரு படியிலும் அது சர்க்கரையை நோக்கி ஓர் அடி நகர்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனின் வரையறையில் மிக்ஸியில் அடித்த பழக்கூழின் சர்க்கரைகூட, தேனும் பாகும் சேரும் அதே கணக்கில் சேர்கிறது. கஞ்சியில் பேரீச்சை விழுதைக் கரைப்பதற்குப் பதில், அரைப் பழத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி மேலே தூவுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. சர்க்கரை எல்லா இடத்திலும் சமமாகக் கரைந்திருந்தால் நாக்கு சீக்கிரம் பழகி அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது. அங்கங்கே திட்டாக இருந்தால், ஒவ்வொரு துண்டு கடிபடும்போதும் புதிதாக இனிக்கிறது. மொத்த அளவு குறைந்தாலும் இனிப்பு குறைந்ததாகத் தெரியாது.

ஸ்டீவியாவை நீங்கள் குறிப்பிடவில்லை, ஆனால் யாராவது உடனே பரிந்துரைப்பார்கள் என்பதால் சொல்கிறேன். ஸ்டீவியா பராகுவே பகுதிச் செடி. அங்குள்ள குவாரானி மக்கள் அதன் இலையைப் பல தலைமுறைகளாக இனிப்புக்குப் பயன்படுத்தினார்கள். கடையில் வருவது அந்த இலை இல்லை. இலையிலிருந்து பிரித்துத் தூய்மையாக்கிய ஸ்டீவியால் கிளைகோசைடுகள், சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பவை. அவற்றுக்கு வகுத்துள்ள பாதுகாப்பான வரம்பு, ஸ்டீவியால் கணக்கில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 4 மில்லிகிராம். அந்த அளவுக்குள் தீங்கு என்று சொல்ல ஆதாரம் இல்லை. அது இயற்கையா செயற்கையா என்பது உங்கள் மனத்தின் கணக்கு. நான் கவனிக்கச் சொல்வது வேறு இரண்டு. பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள், பல பொடிகளில் பெரும்பங்கு டெக்ஸ்ட்ரோஸ் எனும் குளுக்கோஸ், மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் அல்லது சர்க்கரை ஆல்கஹால் வகையைச் சேர்ந்த எரித்ரிட்டாலாகவே இருக்கும். இரண்டாவது, உலக சுகாதார நிறுவனம் 2023இல், எடையைக் கட்டுப்படுத்த இவ்வகை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று சொன்னபோது ஸ்டீவியாவையும் அதில் சேர்த்தது. அது நிபந்தனையோடு கூடிய பரிந்துரை, ஏற்கனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கானதும் இல்லை. எரித்ரிட்டாலைப் பற்றி அதே ஆண்டு வந்த ஆய்வு ஒன்று, ரத்தத்தில் அதன் அளவு கூடியிருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் கூடுதலாக வந்ததைக் காட்டியது. நம் உடம்பே சிறிது எரித்ரிட்டாலை உண்டாக்குகிறது என்பதால் அந்தத் தொடர்பை மட்டும் வைத்துக் காரணம் இதுதான் என்று சொல்லிவிட முடியாது.

பெயரிலேயே இனிப்பைச் சுமக்கும் அதிமதுரம் இன்னும் எச்சரிக்கை வேண்டிய பொருள். அதன் வேரிலுள்ள கிளைசிரைசின் சர்க்கரையைவிட 30 முதல் 50 மடங்கு இனிக்கும். மூலிகைதானே என்று தினமும் தேநீரில் கொதிக்கவைத்துக் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தொடர்ந்து எடுத்தால் உடம்பில் பொட்டாசியம் இறங்கும், உப்பும் நீரும் தங்கும், ரத்த அழுத்தம் ஏறும். இது ஊகமில்லை, நன்றாக நிறுவப்பட்டது. ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் இதை இனிப்புக்காகத் தொடவே வேண்டாம்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இனிப்பு என்பது கரண்டியில் இருப்பதில்லை, வாயும் மூக்கும் சேர்ந்து கட்டும் உணர்வு அது. சர்க்கரையைக் கூட்டாமல் அந்த உணர்வைக் கூட்ட முடியும். அதற்கு முதல் வழி இனிப்பை அமுக்கிவைத்திருப்பதை அகற்றுவது. கசப்பும் புளிப்பும் இனிப்பை மறைக்கும். காபிக்கு நாம் சர்க்கரை போடுவதே பெரும்பாலும் கசப்பை மூடத்தான். கசப்பைக் குறைத்தால் மூடவேண்டிய தேவையே குறைகிறது. மிகக் கருக வறுத்த கொட்டையை விட்டு இடைநிலை வறுப்புக்கு மாறுங்கள். ரோபஸ்டா வகைக் கொட்டையைவிட அராபிகா வகையில் காஃபின் ஏறக்குறைய பாதிதான், கசப்பும் குறைவு. தூள் மிக நைசாகவும் நீர் மிகச் சூடாகவும் ஊறும் நேரம் நீளமாகவும் இருந்தால் கசப்புப் பொருள்கள் கடைசியில் இறங்கிக்கொண்டே இருக்கும், அதனால் தூளைச் சற்றுக் கொரகொரப்பாக அரைத்து நேரத்தைக் குறையுங்கள். தேநீருக்கும் இதே விதி. பச்சைத் தேயிலையைக் கொதிநீரில் போடாமல் 80 டிகிரி அளவு நீரில் 2 நிமிடம் மட்டும் ஊறவைத்துப் பாருங்கள், அதற்குச் சர்க்கரை கேட்கவே தோன்றாது.

உப்பு இதில் வியப்பான வேலை செய்கிறது. 1997இல் நேச்சர் இதழில் வந்த சிறு ஆய்வு, சோடியம் கசப்பைக் குறிவைத்து அமுக்குகிறது, அதனால் கூடவே இருக்கும் இனிப்பு வெளியே தெரிகிறது என்று காட்டியது. ஒரு கோப்பைக் காபிக்கு விரல் நுனியில் ஒட்டும் நாலைந்து துகள் தூள் உப்பு போதும், உப்புக் கரித்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். கோகோ சேர்த்த கஞ்சி, பப்ளிமாஸ் போன்ற கசப்பான பழம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். புளிப்புக்கு வேறு மருந்து. தக்காளிச் சாறு புளிக்கிறது என்று சர்க்கரை போடுபவர்கள், அதற்குப் பதில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டுப் பார்க்கலாம். நுரைத்து அடங்கும், அமிலம் குறையும், தக்காளியின் சொந்த இனிப்பு மேலே வரும். சிட்டிகைக்கு மேல் போனால் சோப்பு வாடை அடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது வழி, உணவுக்குள் ஒளிந்திருக்கும் இனிப்பை வெளியே கொண்டுவருவது. சமையலறையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். சர்க்கரைவள்ளிக்கிழங்கில் மாவுச்சத்தை மால்டோஸ் எனும் சர்க்கரையாக உடைக்கும் நொதி இருக்கிறது. அது ஏறக்குறைய 60 முதல் 75 டிகிரி வெப்பத்தில் சுறுசுறுப்பாக வேலைசெய்யும், அதற்கு மேல் சூடு ஏறினால் செயலிழந்துவிடும். மைக்ரோவேவில் 6 நிமிடத்தில் வேகவைத்தால் கிழங்கு அந்த வெப்ப நிலையைத் தாண்டி ஓடிவிடுகிறது, நொதிக்கு நேரமே கிடைப்பதில்லை. முழுக் கிழங்கை ஓவனில் ஒரு மணி நேரம் மெதுவாகச் சுட்டால் தேன் வடிவதுபோல் பாகு கசியும். ஒரே கிழங்கு, வேறு இனிப்பு. நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்படிச் சுட்ட கிழங்கு, வேகவைத்ததைவிட ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். வெங்காயம் இன்னொரு உதாரணம். பச்சை வெங்காயத்தில் 4 விழுக்காட்டைத் தாண்டிய சர்க்கரை இருக்கிறது, காரமான கந்தகச் சேர்மங்கள் அதை மறைத்துவிடுகின்றன. சிறு தீயில் 40 நிமிடம் வதக்கினால் காரம் பறந்து, நீர் வற்றி, இனிப்பு திரண்டு நிற்கும். கேரட்டும் பரங்கிக்காயும் நீரில் வெந்தால் சப்பென்றும், எண்ணெய் தடவி ஓவனில் சுட்டால் இனிப்பாகவும் ஆவது இதனால்தான்.

வாழைப்பழத்துக்கு இந்த வேலையைக் காலமே செய்துவிடுகிறது. காயாக இருக்கும்போது எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மாவுச்சத்தாக இருப்பது, பழுத்து முடிக்கும்போது 1 அல்லது 2 விழுக்காடாக இறங்கி, மற்றதெல்லாம் சர்க்கரையாகிவிடுகிறது. கஞ்சிக்கு இனிப்பு வேண்டுமானால் தோலில் கரும்புள்ளி விழுந்த பழமே சரி, கடைசி நிமிடத்தில் நறுக்கிப் போடுங்கள். பாலிலும் ஓர் அழகான இரகசியம் உண்டு. பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 4.8 கிராம் லாக்டோஸ் எனும் பால் சர்க்கரை இருக்கிறது. லாக்டோஸின் இனிப்பு, சர்க்கரையில் ஒரு சிறு பங்குதான். லாக்டோஸ் நீக்கிய பால் என்று விற்பதில் பெரும்பாலும் எதையும் நீக்குவதில்லை, லாக்டேஸ் நொதி சேர்த்து அதைக் குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் பிளக்கிறார்கள். மொத்தச் சர்க்கரை அதேதான், நாக்கில் மட்டும் கூடுதலாக இனிக்கும். காபியில் சர்க்கரையைக் குறைக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பாலைத்தான். ஓட்ஸ் பாலும் இப்படித்தான் இனிக்கிறது, நொதியால் உடைந்த மாவுச்சத்து அங்கே மால்டோஸாகக் கிடக்கிறது. பெட்டியில் சர்க்கரை சேர்க்காதது என்று போட்டிருந்தாலும் அதைச் சர்க்கரைக் கணக்கில் சேருங்கள்.

மூன்றாவது வழி மூக்கு. வனிலாவில் இனிப்பே இல்லை, நாக்கில் வைத்தால் கசக்கும். ஆனாலும் வனிலா மணக்கும் பால் மணமில்லாத பாலைவிட இனிப்பதாகத் தோன்றும். ஸ்ட்ராபெரி மணம் சேர்த்த கிரீம் கூடுதலாக இனித்தது, வேர்க்கடலை மணம் சேர்த்தபோது அப்படி ஆகவில்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டால் ஸ்ட்ராபெரியின் விளைவும் மறைந்தது என்று 1980களிலேயே சோதித்துப் பார்த்தார்கள். எந்த மணத்தை இனிப்போடு சேர்த்து உண்டு வளர்ந்தோமோ அந்த மணம் இனிப்பை நினைவூட்டுகிறது. அதனால் ஒருவருக்கு ஏலக்காய், ஒருவருக்குப் பட்டை, ஒருவருக்கு ஜாதிக்காய் வேலைசெய்யும், உங்கள் வீட்டில் எது என்பதை நீங்களே சோதித்துப் பாருங்கள். சோம்பு இதில் விதிவிலக்கு. அதிலுள்ள அனெத்தோல் மணத்தால் மட்டுமின்றி நாக்கிலும் தானாகவே இனிக்கும். பட்டையைத் தினமும் தாராளமாகப் போடுபவரானால் இலங்கைப் பட்டை வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் காசியா பட்டையில் கூமரின் அதிகம், நீண்டகாலம் அளவுமீறினால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். பட்டை ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, அதை நம்பி மருந்தைக் குறைக்காதீர்கள். வெள்ளைத் தட்டில் வைத்தால் இனிப்பு கூடும் என்பது போன்ற செய்திகளையும் இதே சந்தேகப் பெட்டியில் வைத்திருக்கிறேன். சோதனைக்கூடத்தில் சிறு வித்தியாசம் தெரிந்திருக்கலாம், சாப்பாட்டு மேசையில் அதை நம்பி நான் எதையும் மாற்றமாட்டேன்.

இதெல்லாம் கைவேலை. இவற்றைவிடப் பெரிய மாற்றம் காலத்தால் வருகிறது. 2016இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், ஒரு குழுவினர் சர்க்கரையிலிருந்து வரும் கலோரியில் 40 விழுக்காட்டை 3 மாதம் குறைத்தார்கள். இரண்டாம் மாதத்தில் மாற்றம் தொடங்கியது. மூன்றாம் மாதத்தில் அதே புட்டிங்கை, குறைக்காதவர்களைவிட ஏறக்குறைய 40 விழுக்காடு கூடுதல் இனிப்பாக உணர்ந்தார்கள். பானங்களில் இந்த மாற்றம் மங்கலாகவே இருந்தது. இனிப்பின் மேல் உள்ள விருப்பம் மட்டும் குறையவில்லை. நான் பார்த்த நோயாளிகளிடமும் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. இனிப்பைப் பிடிக்காமல் போனவர்கள் யாருமில்லை, குறைந்த இனிப்பே போதும் என்று ஆனவர்கள் நிறைய. இதைப் படித்தால் உங்கள் 2 மாதம் ஏன் பலன் தரவில்லை என்பதும் புரியும். பெயர் மாறினாலும் இனிப்பின் அளவு மாறவில்லை, நாக்குக்குப் பழக வாய்ப்பே வரவில்லை. ஒரேயடியாக நிறுத்துவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. 10 நாளைக்கு ஒருமுறை கால் தேக்கரண்டி குறைத்தவர்கள் திரும்பிப் போகவில்லை, திங்கட்கிழமை முதல் சுத்தமாக விடுகிறேன் என்றவர்களில் பெரும்பாலோர் திரும்பினார்கள்.

என் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. வீட்டில் யாராவது இன்சுலினோ ரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுத்தால், உணவில் சர்க்கரையைக் கணிசமாகக் குறைக்கும் முன் அவர்களின் மருத்துவரிடம் பேசுங்கள், மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். அவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் வந்தால், அந்த நேரத்தில் இந்தப் பதிலில் உள்ள எதையும் நினைக்க வேண்டாம், 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ உடனே கொடுக்க வேண்டும். அங்கே ஸ்டீவியா உயிரைக் காக்காது. பிள்ளைகளில் யாருக்காவது ஒரு வயது நிறையவில்லை என்றால் தேன் ஒரு துளிகூடக் கூடாது, அதில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கலாம். கேக்கில் வெந்தாலும் அந்த வித்துகள் சாகும் என்று சொல்ல முடியாது.

கடைசியாகக் கேக். காபியிலும் கஞ்சியிலும் சர்க்கரைக்கு இனிப்பு ஒன்றுதான் வேலை, கேக்கில் அதற்கு ஐந்தாறு வேலை. வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது காற்றைப் பிடித்துவைக்கிறது, ஈரத்தைத் தக்கவைக்கிறது, மாவின் புரதம் இறுகாமல் மென்மையாக்குகிறது, மேல்புறத்துக்குப் பொன்னிறம் தருகிறது. இதனால்தான் ஸ்டீவியா மட்டும் போட்ட கேக் தட்டையாகவும் வறண்டும் வருகிறது. என் அனுபவத்தில், எழுதியிருக்கும் அளவில் கால் பங்கைக் குறைத்தால் பெரும்பாலான கேக்குகளில் வித்தியாசமே தெரியாது. மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் தெரியும், கெடாது. பாதிக்குக் கீழே போனால் செய்முறையையே மாற்ற வேண்டும். அப்போது கனிந்த வாழைப்பழ மசியலோ, சர்க்கரைவள்ளி மசியலோ, துருவிய கேரட்டோ ஈரத்தையும் மென்மையையும் தரும், அவற்றின் சர்க்கரையைக் கணக்கில் எடுத்துக்கொண்டே பயன்படுத்துங்கள். பழமும் தேனும் சேர்ந்த மாவு சீக்கிரம் சிவந்துவிடும், ஓவன் வெப்பத்தை 15 டிகிரி குறைத்து, சில நிமிடம் கூடுதலாக விடுங்கள். வெல்லம்தான் வேண்டும் என்றால் அதன் மணம் தெரியும் அளவுக்கு மட்டும், வழக்கமாகப் போடுவதில் பாதி. கூடவே வனிலாவும் ஒரு சிட்டிகை உப்பும். மாவில் எல்லாவற்றையும் கரைக்காமல், நறுக்கிய பழத்தை மேலே பரப்பிச் சுடுங்கள். குளிர்ச்சியில் நாக்கு இனிப்பைக் குறைவாகத்தான் உணரும். அதனால் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே பிள்ளைகள் கையில் கொடுக்காமல், வெதுவெதுப்பாக இருக்கும்போதே வெட்டிக் கொடுங்கள்.